தண்ணீர் வார்க்காத தானம்

தாராபுரத்திலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்கள் தண்ணீர்ப்பந்தல் மடத்தில் நிற்காமல் போகமாட்டார்கள். மோரை வாங்கிக் குடித்து, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இங்க சாமியார் ஆருங்க?" என்று கேட்பார்கள். மோர் ஊற்றிய அம்மா, "நாந்தானுங்க" என்பார். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேர் இன்னொரு செம்பு மோர் கேட்பார்கள்.

அந்த அம்மாவின் பெயர் குழந்தையம்மாள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய சீடர் நாச்சிமுத்துவோ அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு சீடரை "அண்ணா" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். முறை எங்கோ இடிக்கிறதே என்று பக்கத்து ஊரான ஊத்துவலசுக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் எங்கேயும் இடிக்கவில்லை.

மடத்துப் பாத்திர அறை நாச்சிமுத்துவின் பொறுப்பு. சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் அண்டாவும் போசியும் இங்கிருந்துதான் இரவல் போகும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் 'தண்ணீர்ப்பந்தல் மடம்' என்று பேர் வெட்டியிருக்கும். இரவல் கேட்டு வருகிறவரை நாச்சிமுத்து நிற்கவைத்துக் கேட்பார்.

"என்ன விசேசம்? ஆரு ஊட்டுல? என்னைக்குத் திரும்பி வரும்? இதுல கவுச்சி ஆக்கக் கூடாது, தெரியுமல்லோ? உங்களுக்குன்னு வாங்கீட்டுப் போயி வேற ஆருக்கும் மாத்தி உடக் கூடாது."

பதிலில் ஒரு சொல் பிசகினால் கரண்டிகூட நகராது. "பொண்ணு கேக்கப் போனாக்கூட இத்தனை கேக்கமாட்டாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்டாவைத் தூக்கிப் போவார்கள். ஆனாலும் நாச்சிமுத்து பொறுப்பேற்ற பிறகு மடத்தில் ஒரு டம்ளர்கூடத் தொலையவில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. பெருமை கூடாது என்று குரு சொல்லியிருந்ததால் அதை வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இது போதாதென்று அவருக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அவரவர் விவரம் அவரவர் உரிமை என்று ஊர்ஊராகப் போய்ச் சொல்வதற்கு மாவட்டத் தலைநகரில் ஓர் அமைப்பு ஆள் சேர்த்தது. பெயர், செல் நம்பர், நோய், கைரேகை எதுவானாலும், கேட்கிறவன் எதற்கென்று சொல்லிவிட்டுத்தான் கேட்கவேண்டும், வேண்டாமென்றால் அழிக்கச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு, சட்டமே இருக்கிறது என்று பயிற்சி கொடுத்தார்கள். நாச்சிமுத்து புல்லரித்துப்போய் வந்தார். குருவும் போய்வரச் சொன்னார்.

ஊர்கள் புல்லரிக்கவில்லை. "நாம என்னத்தைங்க ஒளிச்சு வெச்சிருக்கறோம்? தங்கமா பொதைச்சு வெச்சிருக்கறோம்?" என்றார்கள். அவர் சட்டத்தை விளக்க விளக்க, தலையாட்டிக்கொண்டே கொட்டாவி விட்டார்கள். அவருக்கு 'விவர வாத்தியார்' என்று பேர் வைத்ததுதான் மிச்சம். விவரம் கெட்ட வாத்தியார் என்று சொல்லாமல் விட்டார்களே, அந்தமட்டில் நல்ல சனம்.

அந்தச் சமயத்தில்தான் ஊத்துவலசு சமுதாயக் கூடத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். போய் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். வரும்போது கையில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி கொடுப்பார்கள். ஊரே போசிக்குத் திரண்டது.

மறுவாரம் மயிலாத்தாள் அவரைத் தேடி மடத்துக்கு வந்தாள். ஊத்துவலசில் ரெண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். ஒரே மகள் பூங்கோதை, கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள். மயிலாத்தாள் எப்போதும் சத்தமாகப் பேசுவாள். அன்றைக்கு வாய் ஒட்டிக்கொண்டது போல நின்றாள்.

"என்னாச்சு அம்மிணி?"

"செல்லுல ஒரு புள்ளை கூப்புட்டாளுங்ண்ணா. பாட்டி ஆகப்போறீங்க, வாழ்த்துகள்னு சொல்றா. கொழந்தைக்கு சோப்பு இருக்குது, பவுடர் இருக்குதுங்கறா."

"நல்ல சேதிதானே?"

"எம்புள்ளைக்கு இன்னும் மூணு மாசம் நெறையலைங்ண்ணா." மயிலாத்தாளின் கண் கலங்கிவிட்டது. "போன தடவை சம்மந்தியம்மா ரெண்டாம் மாசமே ஊரெல்லாம் சொல்லிப்போட்டாங்க. அது நிக்கலை. அப்பறம் பாக்கறவங்கெல்லாம் கேக்கக் கேக்க, எம்புள்ளை ஊட்டை உட்டு வெளிய வரலைங்க. இந்தத் தடவை, அம்மா, ஆருக்கும் மூச்சு உடாதே, எங்க அத்தைக்குக்கூடச் சொல்லலைன்னு எங்கையைப் புடிச்சுச் சொன்னா."

"பின்ன எப்படி வெளிய போச்சு?"

மயிலாத்தாள் முந்தானையைப் பல்லில் கடித்தாள்.

"அந்த முகாம் புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. ஊட்டுல ஆரு ஆரு இருக்கறாங்கன்னு நல்லாப் பேசுச்சு. மனசுல வெச்சுட்டு இருக்க முடியலைங்ண்ணா. சொந்தத்துக்குத்தானே சொல்லக் கூடாதுன்னா? அது சொந்தமில்லையே, அசலூருப் புள்ளைதானேன்னு சொன்னேன்."

நாச்சிமுத்து வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வேற நம்பர் ஏதாச்சும் குடுத்தியா?"

"உங்க செல்லு எடுக்கலைன்னா ஆருக்குக் கூப்புடறதுன்னு கேட்டுதுங்க. சம்மந்தியம்மா நம்பரைக் குடுத்துட்டேன்."

இன்றைக்கோ நாளைக்கோ அந்த சோப்புக்காரி காங்கேயத்திலிருக்கிற சம்மந்தியம்மாளைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டால்? பூங்கோதை இனித் தன் அம்மாவிடம் வாய் திறப்பாளா? மயிலாத்தாளுக்கு அந்த ஒன்றுதான் பயம்.

"முகாம் இன்னும் இங்கதான் இருக்குது. வா, போலாம். எல்லாத்தையும் அழிக்கச் சொல்லலாம். அதுக்கு உனக்கு உரிமை இருக்குது அம்மிணி."

மயிலாத்தாள் ரெண்டு எட்டுப் பின்வாங்கினாள்.

"அதெப்படீங்ண்ணா? குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? போசி வேற வாங்கீட்டனே. உண்ட ஊட்டுக்கு ரெண்டகம் பண்றதாட்டம் ஆகாதுங்களா? நாலு பேரு முன்னால நான் கேக்கமாட்டனுங்க."

"நான் வந்து கேக்கறேன்."

"நீங்க எம்பேருல கேட்டா அது இன்னும் கேவலமுங்ண்ணா."

அவர் சட்டம் சொன்னார். பிரிவு சொன்னார். அவள் தலையாட்டினாள். எருமைக்குத் தண்ணி காட்டணும் என்று போய்விட்டாள்.

நாச்சிமுத்து பந்தலுக்கு வந்தார். குழந்தையம்மாள் அவர்கள் பேசியது காதில் விழுகிற தூரத்தில்தான் நின்று, மண்பானைகளில் வெட்டிவேர் போட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்ண்ணா."

"தன்னோடதைத் தன்னோடதுன்னே நெனைக்காத சனத்துக்கு, அது உன்னோடதுன்னு எப்படீங்க சொல்றது?"

குரு பானையை நிரப்பி முடித்தார். துணியால் அதன் வாயைக் கட்டினார்.

"பெரியண்டா கழுவி வெச்சிருக்குதுங்களா?" என்றார்.

"வெச்சிருக்குதுங்க. பௌர்ணமிக்கு அன்னதானம் வருதே."

"செரி. நாளைக்குக் காத்தால சாவியை இங்க குடுத்துட்டுப் போங்க."

பதில் வரவில்லையே என்று நாச்சிமுத்துவுக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர்க் கூட்டங்களுக்குப் போனார். அங்கேயும் கொட்டாவி.

மூன்றாம் நாள் திரும்பி வந்து பாத்திர அறையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெரியண்டா இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது.

"அம்மா! பெரியண்டா எங்கீங்க?"

"ஒருத்தர் வந்து கேட்டாருங்ண்ணா. குடுத்தேன்."

"ஆருங்க?"

"கேக்கலை."

"எந்த ஊருங்க?"

"கேக்கலை."

"எதுக்குன்னாவது கேட்டீங்களா அம்மா? என்னைக்குத் திருப்பித் தருவாருன்னு?"

"நல்லாச் சிரிச்ச மூஞ்சியா இருந்தாரு. அண்டா வேணுமுங்க அம்மான்னாரு. ஒரு சீப்பு வாழைப்பழம் குடுத்தாரு." குழந்தையம்மாள் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார். "நல்ல பழமுங்ண்ணா. சாப்புடுங்க."

நாச்சிமுத்து பழத்தைத் தொடவில்லை. குருவிடம் கோபப்படக் கூடாது. அதனால் தன் மொபெட்டிடம் கோபப்பட்டார். அது ரெண்டு உதை வாங்கிக் கிளம்பியது.

வாழைப்பழச் சீப்போடு யார் வந்தது என்று சாலையோர டீக்கடையில் விசாரித்தார். புதூர் ரங்கண்ணன் என்று தெரிந்தது. புதூருக்குப் போனார்.

"எம்பொண்ணு சீருக்கு வாங்கினனுங்க. முடிஞ்சுது. எம்மச்சான் கேட்டான், குடுத்துட்டேன்" என்றார் ரங்கண்ணன். அப்போதும் சிரித்த மூஞ்சிதான்.

மச்சான் வீட்டுக்குப் போனார். அங்கே முதல்நாள் கிடாவெட்டு. மடத்து அண்டாவில் கறிக்குழம்பு கொதித்த கதையைக் கேட்டு நாச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அண்டா எங்க?" என்றார். பந்தல்காரர் ஒருவர் எடுத்துப்போனாராம்.

பந்தல்காரர் அதை இன்னொரு கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுவதற்காக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து மொபெட்டை வண்டிக்குக் குறுக்கே நிறுத்தினார்.

"எறக்கய்யா கீழ!"

"எனக்கு அவரு குடுத்தாருங்க. நான் ஆரையும் ஏமாத்தலை."

"அவரு ஆரு குடுக்கறதுக்கு? அவருக்குக் குடுத்தவரு ஆரு குடுக்கறதுக்கு? வெளிம்பைப் பாரு. என்ன பேரு வெட்டியிருக்குது? படி!"

பந்தல்காரர் படித்தார். ஊரும் கூடிப் படித்தது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பில் கைவைத்து நின்று, அண்டாவை வாங்கி, அதே வண்டியில் மடத்துக்கே கொண்டுவந்து இறக்கவைத்தார். வண்டி வாடகை கேட்கப் பந்தல்காரருக்கு வாய் வரவில்லை.

அண்டாவைக் கிணற்றடியில் கவிழ்த்துப் போட்டுப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கறி வாடை போகவேண்டுமே. குழந்தையம்மாள் ஒரு குடம் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"வாங்கியாந்துட்டீங்களாட்ட இருக்குது?"

"விடுவனுங்களா அம்மா? மூணு கை மாறியிருக்குது. மூணு எடத்துலயும் கேட்டேன்."

"நாலு பேரு முன்னாலயா கேட்டீங்க?"

"நாப்பது பேரு முன்னால கேட்டேன்."

"கூச்சமா இல்லீங்களாண்ணா? குடுத்ததைப் போயித் திருப்பிக் கேக்கறதுக்கு?"

நாச்சிமுத்து தேய்ப்பதை நிறுத்தினார்.

"குடுத்தமுங்களா? இரவல்தானுங்களே அம்மா!"

"இரவல்னு நான் சொல்லலையே. பழம் வேற வாங்கீட்டேன்."

"பழம் வாங்கினா? ஒரு சீப்புப் பழத்துக்கு அண்டா அவருதாயிருமா? தானம்னா தாரை வார்த்துக் குடுக்கோணுமுங்க. நீங்க தண்ணி வார்த்தா குடுத்தீங்க?"

"இல்லீங்ண்ணா."

"தண்ணி வார்க்காதது தானமாகுமுங்களா? பேரு வெட்டின பாத்திரம் எத்தனை ஊடு சுத்துனாலும் நம்ம பாத்திரந்தானுங்க. கேக்கறதுக்கு நமக்கென்ன கூச்சம்? திருப்பித் தராதவனுக்கில்ல இருக்கோணும் கூச்சம்!"

குழந்தையம்மாள் குடத்தைச் சாய்த்து அவருடைய சாம்பல் கைகளில் தண்ணீர் ஊற்றினார். மெதுவாக, கை சுத்தமாகும்வரை ஊற்றினார்.

"மயிலாத்தாக்கா தண்ணி வார்த்தாங்களாண்ணா?" என்று கேட்டார்.

நாச்சிமுத்து ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தான் கத்தின கத்தல் முழுவதும் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்து காதில் விழுந்தது போல இருந்தது. பிறகு எழுந்தார். அண்டாவைப் பாதித் தேய்ப்பில் போட்டுவிட்டு மொபெட்டை எடுத்தார். இந்தத் தடவை அதை உதைக்கவில்லை.

மயிலாத்தாள் பால் கறந்துகொண்டிருந்தாள். நாச்சிமுத்து சட்டம் எதுவும் பேசவில்லை. பெரியண்டா போன கதையைச் சொன்னார். கிடாவெட்டு வந்த இடத்தில் அவள் சிரித்தாள். பந்தல்காரர் வாடகைக்கு விடப் பார்த்த இடத்தில் அவளுக்கே கோபம் வந்துவிட்டது.

"அடுத்தவன் அண்டாவை வாடகைக்கு உடறதுக்கு அவனுக்கு எத்தனை தைரியம் இருக்கோணும்? நீங்க சும்மாவா வந்தீங்க?"

"நீ சும்மாதானே இருக்கறே அம்மிணி."

மயிலாத்தாளின் கை நின்றது. எருமை திரும்பிப் பார்த்தது.

"உம்பேரு, உஞ்செல்லு, உம்புள்ளை வயித்துச் சேதி. முகாமுக்காரங்க சக்கரை பாக்கறதுக்குன்னு இரவல் வாங்கினாங்க. சோப்புக்காரிக்கு ஆரு மாத்தி உட்டது? நீ தண்ணி வார்த்தா குடுத்தே?"

அவள் எழுந்தாள். பால் சொம்பை மூடி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் அந்தத் தூக்குப்போசி இருந்தது.

"வாங்கண்ணா" என்றாள். குரல் பழையபடி சத்தமாகிவிட்டது.

சமுதாயக் கூடத்தில் கூட்டம் இருந்தது. மயிலாத்தாள் வரிசையில் நிற்காமல் நேராக மேசைக்குப் போய்ப் போசியை வைத்தாள். பலகை போன்ற பெரிய செல்லில் எழுதிக்கொண்டிருந்த முகாம் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, போசி ஓட்டையா?"

"போசி நல்லாத்தான் இருக்குது கண்ணு. நீயே வெச்சுக்க. நான் சொன்னதெல்லாம் எனக்குத் திரும்பி வேணும்."

"சொன்னதை எப்படிக்கா திருப்பித் தர்றது? கொடுத்துட்டீங்களே."

"தண்ணி வார்த்தா குடுத்தேன்?"

முகாம் பெண்ணுக்குப் புரியவில்லை. வரிசையில் நின்ற பெண்களுக்குப் புரிந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 

"சக்கரை பாக்கறதுக்குன்னு கேட்டே, சொன்னேன்" என்றாள் மயிலாத்தாள். "சோப்பு விக்கறவளுக்கு எம்பேரு எப்படிப் போச்சு? எம்புள்ளை சேதி எப்படிப் போச்சு? நான் உங்கிட்டச் சொன்னது உங்கிட்டச் சொன்னது. அதை மாத்தி உடச் சொன்னனா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. நான் எழுதி அனுப்பறதோட சரி." அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. பாவம், அவளும் சம்பளத்துக்கு வந்தவள்தான்.

"தெரிஞ்சவங்களைக் கூப்புடு கண்ணு. நான் எங்கியும் போகலை" என்று மயிலாத்தாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் நாச்சிமுத்து வாய் திறந்தார். கம்பெனியில் இதற்கென்று ஒரு அதிகாரி இருக்கவேண்டும், எதற்கு வாங்கினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லவேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்கவேண்டும், வாங்கினவர்களிடமும் அழிக்கச் சொல்லவேண்டும் என்று அடுக்கினார். இதே சொற்களைத்தான் ஊர்ஊராகச் சொல்லி வந்தார். இந்தத் தடவை யாரும் கொட்டாவி விடவில்லை. வரிசையிலிருந்த ஒரு பாட்டி, "இன்னொருக்காச் சொல்லுங்க தம்பி, எனக்குக் காது மந்தம்" என்றாள்.

முகாம் பெண் யார் யாருக்கோ கூப்பிட்டாள். நகரத்திலிருந்து ஒருவர் பேசினார். முதலில் அதட்டினார். நாச்சிமுத்து சட்டத்தைச் சொன்னதும் இறங்கினார். முதலில் காங்கேயத்து நம்பர், பிறகு மற்றதெல்லாம் என்று மயிலாத்தாள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, முகாம் பெண் அவள் கண்முன்னாலேயே அழித்தாள். வெளியே கொடுத்த இடங்களுக்கும் சொல்லிவிடுவதாக அந்த ஆள் ஒப்புக்கொண்டார். மயிலாத்தாள் அதை செல்லில் எழுத்தாக அனுப்பச் சொன்னாள். அது வந்து, நாச்சிமுத்து படித்துக் காட்டிய பிறகுதான் எழுந்தாள்.

எழுந்தவள் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். "உம்மேல எனக்கு வருத்தமில்ல கண்ணு. நாளைக்குப் பாலு கொண்டாறேன், குடி. எளைச்சுப் போயிருக்கறே" என்றாள். போசியை மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். நல்ல கனமான போசி அது. வீடு வரும்வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

சோப்புக்காரி அதற்குப் பிறகும் ஒருதரம் கூப்பிட்டாள். "எந்நம்பரை ஆருகிட்ட வாங்கினே, சொல்லு" என்று மயிலாத்தாள் கேட்டதும் வைத்துவிட்டாள். காங்கேயத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் மயிலாத்தாள் மடத்துப் பக்கம் வந்து, ஒன்றுமில்லை என்பது போலக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவாள். நாச்சிமுத்துவும் கும்பிடு போடுவார்.

பௌர்ணமி வந்தது. பெரியண்டாவில் சோறு வெந்தது. சாப்பாடு முடிந்ததும் ஊத்துவலசுப் பெண்களெல்லாம் பந்தலில் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து பேச எழுந்தார். மயிலாத்தாள் முன்வரிசையில் இருந்தாள். அவள் முகம் விளக்குப் போட்டது போல இருந்தது. பூங்கோதைக்கு மூன்று மாதம் நிறைந்துவிட்டது. தன் வாயாலேயே மாமியாருக்குச் சொல்லிவிட்டாள். சம்மந்தியம்மாள் சர்க்கரையை அள்ளிக்கொண்டு திருப்பூருக்கே ஓடியிருக்கிறாள்.

நாச்சிமுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆராச்சும் வந்து பாத்திரம் இரவல் கேட்டா நீங்க என்ன கேப்பீங்க?"

பந்தல் கலகலத்துவிட்டது. எதுக்குன்னு கேப்போம். என்னைக்குத் தருவீங்கன்னு கேப்போம். பக்கத்து ஊட்டுக்குத் தள்ளி உட்டா அடுத்த தடவை கெடையாதும்போம். நசுங்கியிருந்தா சரிபண்ணிக் கொண்டாங்கம்போம். அவர் ஒவ்வொன்றுக்கும், "பேரு கேட்டா? செல் நம்பரு கேட்டா? கைநாட்டுக் கேட்டா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். கொஞ்சநேரத்தில் அவர் பேசவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவர்களே பேசிக்கொண்டார்கள்.  இத்தனை நாள் ஊர் சுற்றியதில் இப்படி ஒரு மத்தியானத்தை அவர் பார்த்ததில்லை.

கடைசியில் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் எடுக்கிற தாள்தான்.

"அல்லாரும் பேரு, செல் நம்பரு, ஆதார் நம்பரு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க."

தாள் மயிலாத்தாள் கைக்குப் போனது. அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்குங்ண்ணா?"

"கூட்டம் நடந்துச்சுன்னு அத்தாட்சிக்கு அம்மிணி. மேலிடத்துல கேக்கறாங்க."

"கூட்டம் நடந்ததுக்கு ஆதார் நம்பரு எதுக்குங்ண்ணா?"

நாச்சிமுத்து தாளை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு வெச்சிருப்பாங்க?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"அடுத்தாப்பல ஆருக்குக் குடுப்பாங்க?" என்றாள் இன்னொருத்தி.

"அது... கேக்கலையே" என்றார் நாச்சிமுத்து.

"கேட்டுட்டு வாங்கண்ணா" என்றாள் மயிலாத்தாள், ரொம்ப மரியாதையாக. "சொன்னாங்கன்னா எழுதறோம். நாங்க எங்க போயிறப் போறோம்?"

தாள் கைக்குக் கை மாறிப் பந்தலைச் சுற்றி அவரிடமே திரும்பி வந்தது. ஒரு எழுத்து இல்லை. காது மந்தமான பாட்டிகூட அதை வாங்கி, தடவிப் பார்த்து, "வேண்டாஞ் சாமி" என்று அடுத்தவளிடம் கொடுத்திருந்தாள். பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

நாச்சிமுத்து தாளை எடுத்துக்கொண்டு மோர்ப்பானையடிக்கு வந்தார். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குழந்தையம்மாள் நடைப்பயணமாக வந்த ஒருவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"அம்மா, அத்தனை பேரு வந்தாங்க. கையெழுத்து மட்டும் ஒருத்தரும் போடலைங்க. நாளைக்கு மேலிடத்துல, கூட்டத்துல என்ன சொல்லிக் குடுத்தே, அத்தாட்சி எங்கன்னு கேப்பாங்க. நான் என்னத்தைங்க காட்டறது?"

குரு கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு மூலை சுருண்டிருந்தது. அதை நீவிச் சரிசெய்து, இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இதையே காட்டுங்ண்ணா. மடிக்காமக் கொண்டு போங்க."